காய்வது வேறு, இறுகுவது வேறு: தூண்டிற்கோல் பூச்சின் வரலாறு

கையால் தூண்டிற்கோல் செய்பவரின் நேரத்தில் பெரும்பகுதி காத்திருப்பதிலேயே கழிகிறது. நரம்பு ஓடும் வளையங்களைக் கோலோடு சேர்த்து நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டுவர். அந்தக் கட்டின்மேல் இன்று பெரும்பாலும் பூசப்படுவது எபாக்சி. பூச்சு ஒருபக்கமாக வழிந்து திரளாதிருக்க, கோலைச் சிறு மோட்டாரில் பொருத்தி மணிக்கணக்கில் மெல்லச் சுழலவிடுவர். தொட்டால் ஒட்டாத நிலைக்கு வர ஓர் இரவு ஆகும். முழு வலிமை பெறச் சில நாள்கள். இந்தக் காத்திருப்பைக் குறுக்க முனைந்தவர்கள் பலமுறை பூச்சையே கெடுத்துக்கொண்டதற்கு மொழிக்கும் சிறு பங்கு உண்டு. அரக்கு, வார்னிஷ், எபாக்சி மூன்றுக்கும் 'காய்கிறது' என்ற ஒரே வினைதான் வழங்குகிறது. ஆனால் மூன்றிலும் நடப்பது ஒன்றன்று.

அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசினால் சாராயம் ஆவியாகி அரக்கு எஞ்சுகிறது. இது மெய்யாகவே காய்தல். காற்றோட்டம் கூடினால் வேகமும் கூடும். பிறகு சாராயம் பட்டால் பூச்சு மறுபடி கரைந்துபோகும். ஆளிவிதை எண்ணெயோ டங் எண்ணெயோ கலந்த வார்னிஷ் அப்படிப்பட்டதன்று. கரைப்பான் ஆவியான பின்னும் அது காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கித்தான் கெட்டிப்படுகிறது. ஈயம், மாங்கனீசு, கோபால்ட் ஆகியவற்றின் உப்புகளைச் சேர்த்து இதை விரைவுபடுத்தினர். அளவு மிஞ்சினால் மேற்பரப்பு முந்திக்கொண்டு ஆடையாகப் படிந்து சுருங்கும். அடியில் மென்மை மாறாது.

ஜப்பானிய உருஷி மரப்பாலின் இயல்பு இன்னும் வியப்பானது. எடோ மரபின் மூங்கில் தூண்டிற்கோல்களுக்கு அதையே பூசினர். அது இறுக வெப்பத்தோடு ஈரமும் வேண்டும். பாலிலுள்ள நொதி ஈரக்காற்றிலேயே நன்கு வேலை செய்யும். ஆகவே பூசிய பொருளை ஈரப்பதம் மிகுந்த மரப்பேழைக்குள் வைப்பர். 'காய வைக்க' ஈரத்தில் வைப்பது என்ற முரண் சொல்லில் மட்டுமே இருக்கிறது. தொழிலாளிக்கு அதில் குழப்பம் இருந்ததில்லை.

மேற்கில் இக்கைத்தொழிலின் முதன்மைப் பொருளாக இருந்ததும் மூங்கிலே. பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில் துப்பாக்கியும் வயலினும் செய்துவந்த சாமுவேல் ஃபிலிப்பி, 1840-களில் மூங்கிலைப் பிளந்து பட்டைகளாக்கி ஒட்டிக் கோல் செய்தார். பின்னர் மெய்ன் மாநிலத்தின் ஹைரம் லெனார்ட், பட்டைகளைச் சரிவாகச் சீவும் இயந்திரம் ஒன்றை உருவாக்கி அதை இரகசியமாகக் காத்தார். அக்காலத்தில் பயன்பட்டது 'கல்கத்தா மூங்கில்', அதாவது தமிழில் கல்மூங்கில் எனப்படும் இனம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் இடத்தைத் 'டோங்கின் மூங்கில்' பிடித்தது. அது விளைவது வியட்நாமின் டோங்கினில் அன்று, சீனாவின் குவாங்டோங்கில். வணிகர் வாயில் நிலைத்த பெயர்கள் விளைநிலத்தைச் சரியாகச் சொல்ல வேண்டியதில்லைபோலும்.

கட்டு நூல் அக்காலத்தில் பட்டு. அதன்மேல் வார்னிஷைப் பலமுறை பூசினர். சிலர் நெடுங்குழாயில் வார்னிஷை நிரப்பிக் கோலை முழுக்க அமிழ்த்தி, மிக மெதுவாக மேலே இழுத்தனர். தூசி புகாத வெதுவெதுப்பான அலமாரியில் பூச்சு இறுகிய பின்னரே அடுத்த பூச்சு.

1950-இல் கொரியப் போரை ஒட்டி அமெரிக்கா சீனப் பொருள்களுக்குத் தடை விதித்தது. டோங்கின் மூங்கிலின் வரத்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நின்றது. முந்தைய பத்தாண்டிலேயே கண்ணாடியிழைக் கோல்கள் வந்துவிட்டிருந்தன. பழைய பட்டறைகள் பல மூடின. ஒவ்வொரு பூச்சின் போக்கையும் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தவர்களின் அறிவில் எவ்வளவோ அத்தோடு போயிற்று.

எபாக்சியின் பிறப்போ தூண்டிலுக்குத் தொடர்பே இல்லாத ஓரிடத்தில். சுவிட்சர்லாந்தில் பல் மருத்துவப் பொருள்களை ஆராய்ந்த பியேர் காஸ்தன் 1938-இல் காப்புரிமை கோரினார். ஜெர்மனியின் பால் ஷ்லாக் 1934-லேயே நெருங்கிய ஒன்றைப் பதிந்திருந்தார். காஸ்தனின் கண்டுபிடிப்பைப் பெற்ற சீபா நிறுவனம் 1946-இல் 'அரால்டைட்' என்ற ஒட்டுப்பசையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரண்டு குழாய்களைப் பிதுக்கிக் கலக்கும் அந்தப் பசையை அறியாத இந்திய வீடு குறைவு. கோலின் பூச்சும் அதே குடும்பம்தான்: ரெசின் ஒன்று, ஹார்டனர் ஒன்று.

இதில் ஆவியாக வேண்டியது ஏதுமில்லை. இரண்டின் மூலக்கூறுகளும் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகின்றன. ஆகவே மின்விசிறிக் காற்று பயன் தராது, தூசியைத்தான் கொண்டுவரும். ஹார்டனரை இரு துளி கூட்டினால் விரைவாகும் என்பது வார்னிஷ் காலத்து நினைப்பின் மிச்சம். கோபால்ட் உப்பு வினையைத் தூண்டுவது. ஹார்டனரோ வலையின் இழைகளுள் ஒன்று. மிஞ்சிய ஹார்டனருக்குப் பிணையத் துணையில்லை, ஆதலால் பூச்சு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்.

பயன் தருவது வெப்பம். தோராயமாக 10 பாகை செல்சியஸ் கூடினால் வினையின் வேகம் இருமடங்காகும். மின்விளக்கு பொருத்திய பெட்டிக்குள் கை பொறுக்கும் சூட்டில் கோலைச் சுழலவிட்டால், நாள்கணக்கு மணிக்கணக்காகும். சூடேறியதும் பூச்சு முதலில் நீர்த்து ஓடும் என்பதால், அந்நேரத்தில் சுழற்சி நிற்கவே கூடாது. வெப்பக்காற்றுத் துப்பாக்கியை ஓரிடத்தில் நீட்டிப் பிடித்தாலோ நூலுக்குள் சிறைப்பட்ட காற்று விரிந்து குமிழ்களாகக் கிளம்பும். மழைக்காலத்தில் வேறொரு தொல்லை. உருஷிக்கு உதவும் அதே ஈரம், காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து அமீன் வகை ஹார்டனரைத் தாக்கி எபாக்சியின்மேல் வெண்மையான ஒட்டும் படலத்தை உண்டாக்கக்கூடும்.

கலவைக் கோப்பையைச் சாட்சியாகக் கொள்வதிலும் ஏமாற்றம் உண்டு. இறுகும்போது எபாக்சி தானே வெப்பத்தை வெளியிடுகிறது. கோப்பையில் திரண்டு கிடப்பது அந்த வெப்பத்தைத் தேக்கிக்கொண்டு விரைகிறது. கோலின்மேல் மெல்லிய படலமாய்ப் படிந்திருப்பதோ அதை உடனுக்குடன் காற்றுக்கு விட்டுவிடுகிறது. கோப்பையில் மீந்தது கல்லாகிய பின்னும் கோலிலுள்ள பூச்சு விரல் பட்டால் பதியும்.