இரண்டு ஜெபம் வாடகை

ஹாரி பாட்டர் முதல் புத்தகம் படித்தவர்களுக்கு நிக்கோலஸ் ஃப்ளமேலைத் தெரிந்திருக்கும். வயது 665. மனைவிக்கு 658. எந்த உலோகத்தையும் தங்கமாக்கி, ஆயுளையும் நீட்டித்துத் தரும் கல் ஒன்று அவர் கைவசம் உண்டு. ரவுலிங் அம்மையார் சும்மா கிளப்பிவிட்ட ஆசாமி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. அசல் மனிதர். பாரிஸ்காரர். 1418-ல் செத்தும் போனார். அவர் கட்டிய வீடு இன்னும் நிற்கிறது.

ஆர்ட்ஸ் எ மெத்தியே மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கிப் பொடிநடையாகப் போனால் மோன்மொரான்சி தெரு. 51-ம் நம்பர். பாரிஸில் மிஞ்சியிருக்கும் கல் வீடுகளிலேயே பழையது என்கிறார்கள். கட்டியது 1407-ல். கீழ்த்தளத் தூண்களில் வாத்தியம் வாசிக்கும் தேவதைகள். கூடவே ஃப்ளமேலின் இனிஷியல்கள்.

‘ரசவாதியின் வீடு’ என்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே ஒரு சிக்கல். ஃப்ளமேல் இந்த வீட்டில் குடியிருந்ததே இல்லை.

அவர் தொழில், எழுதுவது. ஐரோப்பாவில் அச்சு இயந்திரம் வராத காலம். பத்திரமோ புத்தகமோ, யாராவது ஒருத்தர் உட்கார்ந்து கையால் எழுதியாக வேண்டும். ஃப்ளமேலின் கடை சாந் ழாக் சர்ச்சை ஒட்டி இருந்தது. மனைவி பெர்னெல், ஏற்கெனவே இரண்டு கணவர்களை இழந்தவர். வரும்போதே சொத்தோடு வந்தார். பிள்ளைகள் இல்லை. சம்பாதித்ததையெல்லாம் வீடுகளாக வாங்கிப் போட்டார்கள். 1397-ல் பெர்னெல் இறந்தார். பத்து வருடம் கழித்து எழும்பியதுதான் இந்த வீடு.

கீழே கடைகள். அவற்றுக்கு வாடகை உண்டு. மாடியில் ஏழை உழைப்பாளிகள். அவர்களிடம் சல்லிக்காசு வாங்கவில்லை. கீழே வருகிற வருமானம் மேலே இருக்கிறவர்களைத் தாங்கும். காமர்ஸ் வகுப்பில் இதற்கு ‘கிராஸ் சப்சிடி’ என்று பெயர் சொல்லித் தந்தார்கள். அறுநூறு வருடத்துக்கு முன்னால் ஒரு கடைக்காரர் அதைக் கட்டியே காட்டியிருக்கிறார்.

ஆனால், முழுக்க இனாம் இல்லை. வாசலுக்கு மேலே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். இங்கே குடியிருக்கும் ஆணும் பெண்ணும் தினமும் ‘பரலோகத்தில் இருக்கிற’ ஒன்று, ‘அருள் நிறைந்த மரியே’ ஒன்று சொல்ல வேண்டும். யாருக்காக? இறந்துபோன பாவிகளுக்காக. அன்றைக்கு அந்தப் பட்டியலில் பெர்னெல் இருந்தார். நாளைக்கு அவரும் சேருவார். விவரமான மனிதர்!

காலத்தையும் பாருங்கள். ராஜா ஆறாம் சார்லஸுக்குப் புத்தி பேதலித்திருந்தது. வீடு எழும்பிய அதே 1407 நவம்பரில், இதே மரே வட்டாரத்தில், ராஜாவின் தம்பி லூயியை நடுத்தெருவில் வெட்டிச் சாய்த்தார்கள். ஏவியவர் சொந்தப் பெரியப்பா... இல்லை, சித்தப்பா மகன், பர்கண்டி பிரபு. அடுத்து உள்நாட்டுச் சண்டை. அந்த ஊரில், ராத்திரி தலைக்கு மேல் ஒரு கூரை நிச்சயம் என்பது எப்பேர்ப்பட்ட விஷயம்!

அப்புறம் எங்கிருந்து வந்தது தங்கம்? 1612-ல், ஆள் செத்து 194 வருடம் கழித்து, ஃப்ளமேல் பெயரில் ஒரு புத்தகம் வந்தது. 1382-ல் பாதரசத்தைத் தங்கமாக்கினேன் என்று அவரே சொல்வதுபோல. ஊர் நம்பியது. எழுத்துக் கூலியில் இவ்வளவு சொத்தா என்ற கேள்வி இருக்கவே இருக்கிறது. சர் ஐசக் நியூட்டனே அதை உட்கார்ந்து படித்துக் குறிப்பெடுத்திருக்கிறார் என்றால், மற்றவர்களைச் சொல்ல என்ன இருக்கிறது? புதையல் தேடி அவர் குடியிருந்த வீட்டைத் தோண்டியவர்களும் உண்டு.

இத்தனைக்கும் கணக்கை அவர் ஒளித்து வைக்கவில்லை. உயிரோடு இருக்கும்போதே தன் கல்லறைக் கல்லைச் செதுக்கி வைத்துவிட்டார். ஆயுள் காலத்தில் விலைக்கு வாங்கிய வீடுகளையும் வாடகைகளையும் சர்ச்சுக்கு எழுதி வைக்கிறேன், வருடா வருடம் ஆஸ்பத்திரிகளுக்கும் பார்வையற்றோர் இல்லத்துக்கும் தர்மம் போக வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. மேலே சூரியனும் சந்திரனும் செதுக்கியிருக்கும். ரசவாதப் பிரியர்கள் அதைத் தங்கம், வெள்ளி என்று படித்தார்கள். கீழே எழுதியிருந்த வரவு செலவை விட்டுவிட்டார்கள்.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அந்த சர்ச்சை இடித்தார்கள். கோபுரம் மட்டும் தப்பியது. கல்லறைக் கல், ஒரு கடையில் கீரை நறுக்கும் பலகையாகக் கிடந்ததாம். இப்போது க்ளூனி மியூசியத்தில் இருக்கிறது.

கீழ்த்தளத்தில் அவர் பெயரிலேயே ரெஸ்டாரண்ட் நடக்கிறது. அந்தக் கல்வெட்டுக்குக் கீழேதான் வாசல். வெளியே நின்று விலைப்பட்டியலைப் படித்துவிட்டு, நான் ஸ்டேஷனுக்கு நடையைக் கட்டினேன்.