உள்ளே போனவர் திரும்பவில்லை



உறையூரில் பாணர் குலத்தவராக அறியப்பட்டவர் திருப்பாணாழ்வார். காவிரிக்கரையில் நின்று பாடிய அவரை லோகசாரங்க முனிவர் தோளில் சுமந்து அரங்கன் முன் நிறுத்தினார் என்கிறது வைணவ மரபு. உள்ளே போனவர் இறைவனோடு கலந்துவிட்டார், திரும்பவில்லை. நந்தனாருக்கும் அதுவே முடிவு. நம்மவர் கருவறைக்குள் போகலாம். உயிரோடு அங்கே வேலை பார்க்கத்தான் கூடாது.

இட்லரின் ஜெர்மனியிலிருந்து 1933இல் வெளியேறிய யூத அறிஞர் கர்ட் லெவின் ஒரு பார்வையைத் தந்தார். ஒரு நிலைமை அசையாமல் இருக்கிறதென்றால், தள்ளும் விசையும் தடுக்கும் விசையும் அங்கே சமமாக நிற்கின்றன. தள்ளுவதை மட்டும் கூட்டினால் எதிர்ப்பும் கூடும். தடுப்பதைத் தளர்த்த வேண்டும் என்றார்.

அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகும் போராட்டத்தை இந்தத் தராசில் வைத்துப் பார்ப்போம்.

தள்ளிய விசைகள் சிறியவை அல்ல. பெரியார் கருவறை நுழைவுப் போராட்டத்தை அறிவித்தார். 1970இல் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கும் சட்டத் திருத்தம் வந்தது. 2006இல் அரசாணை, அதன்பின் ஸ்ரீரங்கம் உட்பட ஆறு இடங்களில் பயிற்சிப் பள்ளிகள். இருநூறுக்கும் மேற்பட்டோர் பயின்று வெளியே வந்தார்கள். 2021 ஆகஸ்டில் அவர்களில் 24 பேருக்குப் பணி ஆணை கிடைத்தது. பல ஆண்டுகள் காத்திருப்புக்குப் பிறகு, இவ்வளவுதான்.

தடுத்தது எது? 1972இல் உச்ச நீதிமன்றம் பரம்பரை உரிமை ஒழிந்ததை ஏற்றது; ஆனால் நியமனம் ஆகமப்படியே இருக்க வேண்டும் என்றது. 2015 தீர்ப்பும் அந்த வாசலைத் திறந்தே வைத்தது. நம் திருச்சியை அடுத்த குமாரவயலூரில் நியமிக்கப்பட்ட பார்ப்பனரல்லாத அர்ச்சகர்கள் இருவரின் நியமனத்தை, 2023 மார்ச்சில் உயர்நீதிமன்றத் தனி நீதிபதி அதே ஆகமத்தைச் சொல்லி ரத்து செய்தார். சட்டம் முன்கதவில் தள்ள, ஆகமம் பின்கதவில் தாழிடுகிறது.

ஆகமம் மாறாதது என்பார்கள். ஸ்ரீரங்கமே அதற்குப் பதில். அங்கே வைகானசத்தை மாற்றிப் பாஞ்சராத்திரத்தைக் கொண்டுவந்தவர் இராமானுசர் என்கிறது கோயிலொழுகு. நிர்வாகம் அவர் கையில் இருந்தது, முறை மாறியது. ஆக, மாறாதது ஆகமமல்ல, பிறப்பு பற்றிய விதி மட்டுமே.

நமக்குள்ளும் ஒரு தடை உண்டு. காலாராம் கோயில் போராட்டத்தை 1930இல் தொடங்கிய அம்பேத்கர், 1935இல் இயோலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். அப்படியிருக்க நமக்கு ஏன் இந்தக் கருவறை என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். நேர்மையான கேள்வி. நாம் வரம் கேட்டு நிற்கவில்லை. அறநிலையத் துறைக் கோயிலில் அர்ச்சகர் நியமனத்தை அரசு செய்கிறது. அங்கே பிறப்பு தகுதியாக நீடிக்கும்வரை தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவு அந்த வாசற்படியிலேயே நின்றுவிடுகிறது. வழிபடாதவருக்கும் அது அவமானம்தான்.

எனவே இன்னொரு அரசாணையை மட்டும் கேட்பது போதாது. ஒவ்வொரு கோயிலிலும் எந்த ஆகமம், அதில் பிறப்பு எங்கே எழுதியிருக்கிறது, அது எப்போதெல்லாம் மீறப்பட்டது என்பதை நாமே படித்து, தொகுத்து, நீதிமன்றத்தில் வைக்க வேண்டும். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு தள்ளுவோம்.

இம்முறை உள்ளே போகிறவர், மாலையில் வேலை முடிந்து சேரிக்குத் திரும்பி வர வேண்டும்.