இணைக்கயலும் சொக்கச்சீயனும்: சிதம்பரம் தெற்குக் கோபுரத்தைக் கட்டியது யார்?

சிதம்பரம் நடராசர் கோயிலின் தெற்குக் கோபுரம் பாண்டியர் பணி என்ற முடிவுக்குக் காட்டப்படும் நேரடிச் சான்று ஒன்றே ஒன்றுதான். வாசல் நடையின் விதானத்தில் செதுக்கப்பட்டிருக்கும் இணைக்கயல் சின்னம் அது. எதிர்ப்பக்கத்தில், செங்கல்பட்டை அடுத்த ஆத்தூர்க் கோயிலில் உள்ள, காடவ மன்னன் கோப்பெருஞ்சிங்கனின் கல்வெட்டு, தில்லை எனப்படும் சிதம்பரத்தின் தெற்குக் கோபுரத்தைச் சொக்கச்சீயன் பெயரால் குறித்து, அப்பணிக்கு ஊர் வருவாயை ஒதுக்குகிறது. இரண்டையும் விட மனமில்லாத ஆய்வு மரபொன்று நடுவழி கண்டது. காடவன் ஐந்து நிலை வரை கொண்டுவந்தான், பாண்டியன் ஏழாக உயர்த்தி முடித்துத் தன் மீனைப் பொறித்தான் என்பது அந்த வழி. வழிகாட்டி நூல்கள் முதல் ஆய்வேடுகள் வரை இன்று இதுவே பாடம். இந்தச் சமரசத்துக்குக் கட்டடமும் இடம் தரவில்லை, கல்வெட்டும் இடம் தரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் மீன். சின்னம் எங்கே இருக்கிறது என்பதைக் கவனித்தவர்கள் அது எப்போது அங்கே வந்திருக்க முடியும் என்று கேட்கவில்லை. கோபுர வாசலின் இருபுறச் சுவர்களும் முழு உயரம் எழுந்து, நிலைக்கால்கள் நட்டு, உத்திரம் ஏற்றிய பிறகுதான் விதானத்தின் மூடுகற்கள் மேலே போகும். அதாவது உபபீடம், அதிஷ்டானம், கோட்டங்களோடு கூடிய பாதச்சுவர், நடையின் இருமருங்கும் கரணச் சிற்பங்கள் (நடன நிலைகள்) அடுக்கிய அரைத்தூண்கள் எல்லாம் அதற்கு முன்பே நின்றிருக்க வேண்டும். ஆகவே விதானத்தில் உள்ள ஒரு சின்னம் தனக்குக் கீழே உள்ள கல்வேலை எதற்கும் காலம் சொல்லாது. மூடுகல் ஏறிய நாளோ, அதற்குப் பிந்திய எந்த நாளோ அதன் காலமாக இருக்கலாம். தரையில் நிற்கும் சுவரை யார் எழுப்பினார் என்பதற்கு, அச்சுவரின் தலைக்கு மேல் கடைசியாக வந்து சேர்ந்த கல்லைச் சாட்சிக்கு அழைப்பது விந்தையான முறை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. புடைப்பாக நிற்கும் உருவத்துக்குக் கல்லில் கனம் மிச்சம் வேண்டும். ஏற்றி முடித்த தட்டையான மூடுகல்லில் பிற்பாடு மீனைப் புடைப்பாகச் செதுக்க இயலாது. ஆகவே அது கல் ஏறும்போதே இருந்திருக்க வேண்டும் என்பார்கள். தச்சர் முறை இதற்கு விடை தருகிறது. உருவத்தைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்து, கட்டத்துக்குள் தளத்தைக் குழித்து இறக்கினால், குழியின் நடுவே உருவம் புடைப்பாக நிற்கும். ஆனால் கல்லின் பொதுத்தளத்தை அது தாண்டாது. சாரம் கட்டி அண்ணாந்து செய்ய வேண்டிய வேலை என்பது உண்மை. கடினம் என்பதால் நடந்திருக்காது என்று சொல்லிவிட முடியாது. மறுப்பை முழுமையாக ஏற்றுக்கொண்டாலும் பாண்டியக் கட்சிக்குக் கிடைப்பது விதானம் மூடப்பட்ட தருணம் மட்டுமே. கீழேயுள்ள இரண்டு அடுக்குக் கல்தளத்தின் பெரும்பகுதி அப்போதும் அவர்கள் கைக்கு எட்டாமல்தான் நிற்கும்.

சின்னம் என்றாலே கட்டியவரின் கையெழுத்து என்ற எண்ணமே ஆராயப்படாதது. திரிகோணமலையில் போர்த்துக்கீசர் 1620களில் கோயிலை இடித்து எழுப்பிய கோட்டையின் வாசற்கற்களிலும் இணைக்கயல் உண்டு. கோட்டையைப் பாண்டியர் கட்டினர் என்று யாரும் எழுதுவதில்லை. அது பெயர்த்து வைத்த கல், சிதம்பரத்தில் இருப்பது இடத்தில் நிற்கும் கல், ஒப்பீடு பொருந்தாது என்று சொல்லலாம், சரிதான். ஆயினும் மீன் இருக்கும் இடமெல்லாம் பாண்டியப் பணி என்ற சூத்திரம் தானாக இயங்காது என்பதற்கு அந்த ஒரு வாசல் போதும். வாங்கிய வீட்டுக்கும் பெயர்ப்பலகை மாட்டுவதுண்டு.

பணி முடிந்தால் இரண்டு மீன், முடியாவிட்டால் ஒற்றை மீன் என்று பாண்டியர் ஒரு வழக்கம் வைத்திருந்ததாகவும் சொல்லப்படுகிறது. தெற்குக் கோபுரத்தில் இரண்டு இருப்பதால் முடித்தவர் அவரே என்பது இதிலிருந்து பெறும் முடிவு. இந்த விதிக்கு ஆதாரமாக ஒரு கல்வெட்டு வரியும் காட்டப்படுவதில்லை. இணைக்கயல் பாண்டியரின் அரசச் சின்னம். இரண்டு என்பது அதன் இயல்பான வடிவம். இதற்கு மேல் அந்த விதியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

கட்டியவர்கள் தம் பெயரை நிலைநிறுத்த விரும்பியபோது இந்த வட்டாரத்தில் எப்படிச் செய்தார்கள் என்பதைப் பார்ப்பது பயன் தரும். முதற்குலோத்துங்கன், விக்கிரமசோழன் காலத்துத் தளபதி நரலோகவீரன் தில்லையிலும் திருவதிகையிலும் தான் செய்த பணிகளைச் செய்யுளாகவே கல்லில் வெட்டுவித்தான். மண்டபம், மதில், கடல்வரை போட்ட வழி என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சொல்லப்படுகிறது. வடக்குக் கோபுரத்தில் கிருஷ்ணதேவராயர் கல்வெட்டும் வைத்தார், மாடத்தில் தம் உருவச் சிலையும் வைத்தார். அதே கோபுரத்தில் விருத்தகிரியிலிருந்து வந்த தச்சர்களுக்குக்கூடப் பெயர் பொறித்த உருவங்கள் உள்ளன. கல்தச்சன் பெயரே கல்லில் இருக்கும் ஒரு கோயிலில், ஏழு நிலைக் கோபுரம் கண்ட பேரரசன் பெயர் சொல்லாமல் ஒரு மீன் சின்னத்தோடு நிறுத்திக்கொண்டான் என்று நம்பச் சொல்கிறார்கள்.

இனி ஆத்தூர்க் கல்வெட்டு. 1243இல் தொடங்கும் கோப்பெருஞ்சிங்கனின் ஆட்சியில் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்தது இது. சடையவர்மன் சுந்தரபாண்டியன் அரியணை ஏறியது 1251இல். எனவே அவன் வடக்கே வருவதற்கு முன்பே தெற்குக் கோபுரம் ஒரு திட்டமாகவேனும் இருந்தது, காடவன் பெயரைத் தாங்கியும் இருந்தது. சொக்கன் என்பது மதுரைக்குரிய பெயர் என்று சொல்லி இதையும் பாண்டியர் பக்கம் இழுக்கப் பார்த்தவர்கள் உண்டு. சீயன் என்ற பின்பாதியை அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. அழகிய சீயன் என்பது கோப்பெருஞ்சிங்கனின் நன்கறிந்த பட்டம்.

கல்வெட்டைப் பற்றிய உண்மையான ஐயம் வேறு. அது ஓர் ஆணை. பணிக்கு வருவாய் ஒதுக்கியதைச் சொல்கிறதே தவிர, பணி முடிந்து குடமுழுக்கு ஆனதைச் சொல்லவில்லை. ஒதுக்கிய பணம் கல்லாக மாறியதற்கு அதில் சாட்சி இல்லை. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த ஐயத்தை எழுப்புவோர் மீன் சின்னத்திடம் இதே கண்டிப்பைக் காட்டுவதில்லை. இடம், பெயர், திசை, நிதி நான்கையும் சொல்லும் எழுத்துச் சான்று அரைகுறை; எதையும் சொல்லாத ஓர் உருவம் முழுச்சான்று. இந்த அளவுகோல் நியாயமானதாக எனக்குப் படவில்லை.

சமரசக் கட்சியின் ஐந்து நிலைக் கணக்குக்கு வருவோம். கல்வெட்டு இக்கோபுரத்தைத் திருநிலை எழுகோபுரம் என்றே அழைக்கிறது. ஏழு என்பது காடவனின் திட்டத்திலேயே இருந்தது என்று இதற்குப் பொருள் கொள்வதில் என்ன தடை? ஏழுநிலைக் கோபுரங்களுக்கு அது பொதுப்பெயராகிவிட்டது, எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பார்கள். இருக்கட்டும், பெயரை ஒதுக்கிவிட்டுக் கட்டடத்தையே கேட்கலாம்.

கோபுரத்தின் உயரம் உச்சியில் முடிவாவதில்லை, அடியில் முடிவாகிறது. அடித்தளத்தின் நீள அகலத்திலிருந்தே ஒவ்வொரு நிலையும் எவ்வளவு உள்ளொடுங்க வேண்டும், சாலை வடிவச் சிகரம் எவ்வளவு நீளத்தில் அமர வேண்டும் என்ற கணக்கு பிறக்கிறது. ஐந்து நிலையோடு முடிப்பதாகக் கணக்கிட்ட கோபுரம் ஐந்தாவது நிலையிலேயே சிகரத்தின் அகலத்துக்கு ஒடுங்கிவிடும். அதன்மேல் இரண்டு நிலை கூட்ட வேண்டுமானால் சிகரத்தை இறக்கினால் மட்டும் போதாது. செங்கல் உடல் முழுவதையும் கல்தளம் வரை பிரித்து, புதிய ஒடுக்கக் கணக்கில் மீண்டும் எழுப்ப வேண்டும். அப்படிச் செய்தால் அது உயர்த்துவது ஆகாது, புதிதாகக் கட்டுவதாகும். அப்போதும் ஐந்து நிலைக்கு அளந்த கல்தளம் ஏழு நிலையின் பாரத்தைத் தாங்க வேண்டும். இன்று நாம் காணும் கல்தளம் மற்ற மூன்று கோபுரங்களின் தளங்களோடு ஒரே இனத்தைச் சேர்ந்தது; இரண்டு அடுக்கு, கீழும் மேலும் கோட்டங்களில் தெய்வத் திருமேனிகள், நடையில் கரணங்கள். அந்த மூன்றும் ஏழுநிலைக் கோபுரங்கள். தெற்குத் தளம் மட்டும் குறைந்த உயரத்துக்குப் போட்டது என்பதற்குக் கட்டடத்தில் அடையாளம் எதுவும் காட்டப்படவில்லை.

பணி பாதியில் நின்று, செங்கல் நிலைகளைப் பாண்டியன் அதே ஏழுநிலைக் கணக்கில் தொடர்ந்திருக்கலாம் என்று வாதத்தைத் திருத்திச் சொல்லலாம். இதை உறுதியாக மறுக்க வழியில்லை. உறுதியாக ஏற்கவும் வழியில்லை. செங்கல்லும் சுதையும் ஒவ்வொரு திருப்பணியிலும் புதுப்பிக்கப்படுபவை. கிழக்குக் கோபுரத் திருப்பணியோடு 18ஆம் நூற்றாண்டுப் பச்சையப்ப முதலியாரின் பெயர் சேர்ந்திருப்பதைத் தில்லைவாசிகள் அறிவர். காளத்தியில் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய பெருங்கோபுரம் 2010 மே மாதம் சரிந்து விழுந்ததும் நினைவிருக்கும். நிலைத்து நிற்கும் சாட்சி கல்தளம் ஒன்றுதான். கோபுரத்தைக் கட்டியவர் யார் என்ற கேள்விக்கு, கல்தளத்தைப் போட்டவர் யார் என்பதைத் தவிர வரலாற்றாய்வு விடை சொல்லக்கூடிய பொருள் இல்லை என்பது என் நிலைப்பாடு.

திரிபுராந்தகத்துக் கல்வெட்டு கிழக்குக் கோபுரத்தைக் கோப்பெருஞ்சிங்கனுக்கு உரியதாக்குகிறதே, ஒருவனே இரண்டு கோபுரம் கட்டினானா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. கட்டக்கூடாது என்று விதியா? கிழக்குக் கோபுரத்தின் சிக்கல் வேறு, அதைத் தெற்கின் தலையில் ஏற்றத் தேவையில்லை. பரதம் வல்ல பெருமாள் என்று பட்டம் பூண்டவன் அவன் என்பதையும், நடையில் கரணங்கள் நிற்பதையும் சேர்த்துப் பார்க்க ஆசை எழும். எனக்கும் எழுகிறது. ஆனால் நான்கு கோபுரங்களிலும் கரணம் உண்டு, விருத்தாசலத்திலும் உண்டு. பட்டத்தை வைத்துக் கோபுரத்தைப் பங்கு பிரிக்க முடியாது.

அப்படியானால் மீன் எப்போது வந்தது? சுந்தரபாண்டியன் சேந்தமங்கலத்தைத் தாக்கிக் கோப்பெருஞ்சிங்கனை அடக்கி, பிறகு நாட்டைத் திருப்பிக் கொடுத்து, தில்லையில் துலாபாரம் ஏறிப் பொன்வேய்ந்த அந்த வருகையின்போது என்பது பொதுவாகத் தோன்றும் விடை. நான் அதற்குப் பிந்திய காலத்தைச் சார்கிறேன். தோற்ற பின்னும் கோப்பெருஞ்சிங்கன் மறைந்துவிடவில்லை; 1279 வரை தன் ஆட்சியாண்டிட்டே கல்வெட்டு வெளியிட்டான், அவற்றில் தில்லைக் கல்வெட்டுகளும் உண்டு. நாட்டைத் திரும்பக் கொடுத்து நட்பாக்கிக்கொண்ட ஒருவனின் பெயர் சுமந்த வாசலில், அவன் அங்கே ஆணையிட்டுக்கொண்டிருக்கும்போதே, தன் முத்திரையைப் பொறித்தது பாண்டியனின் அரசியலோடு ஒட்டவில்லை. காடவர் வலிமை ஓய்ந்து, மாறவர்மன் குலசேகரன் காலத்தில் இவ்வட்டாரம் நேரடிப் பாண்டிய ஆட்சியில் வந்த பிறகு அதற்குத் தேவையும் இருந்தது, தடையும் இல்லை. இது ஊகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மீன் கட்டியவரின் கையெழுத்து என்பதும் ஊகமே. என் ஊகம் கட்டடம் எழும்பும் வரிசையோடு முரண்படவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

இந்தக் காலவரிசை நின்றால் தெற்குக் கல்தளம் 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு ஒரு நிலையான அளவுகோலாகிறது. இதுவரை போதிகை அமைப்பையும் கோட்டத்துத் தோரணத்தையும் வைத்து மேற்கு, கிழக்குக் கோபுரங்களை முன்பின் வரிசைப்படுத்தியவர்கள், தெற்கைப் பாண்டியர் பணி என்று கொண்டிருந்தால் அந்தக் கணக்கு நிற்காது. அந்த வரிசை முழுதும் மறுபடி பார்க்கப்பட வேண்டும். சுந்தரபாண்டியன் பேரில் வழங்கும் மேற்குக் கோபுரமும் இனி தெற்கின் துணையின்றித் தன் சொந்தச் சான்றில் நின்றாக வேண்டும். ஒப்பிடத் தக்க கட்டடம் தொலைவில் இல்லை. காடவரின் இருப்பிடமான சேந்தமங்கலத்தில் அவர்கள் எழுப்பிய வாணிலைகண்டீசுவரத்தின் போதிகை, கொடுங்கை, கோட்டத் தோரணங்களைத் தெற்குக் கோபுரத்தோடு அளவெடுத்து அருகருகே வைத்துப் பார்ப்பதே முதல் வேலை.