கொடைக்கானல் பாதரச வெப்பமானி ஆலை

கொடைக்கானல் பாதரச வெப்பமானி ஆலை பழனி மலையில், பாம்பார் சோலையை ஒட்டிய மேட்டில் 1980களின் முற்பகுதியிலிருந்து 2001 வரை இயங்கிய தொழிற்சாலை. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடி வெப்பமானிகள் இங்கே செய்யப்பட்டன. தமிழ்நாட்டில் தொழிலாளர் உடல்நலம் பற்றிய விவாதங்களில் அடிக்கடி குறிப்பிடப்படும் இடங்களில் இதுவும் ஒன்று.

பின்னணி

அமெரிக்காவின் சீஸ்ப்ரோ பாண்ட்ஸ் நிறுவனம் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரில் வெப்பமானி செய்துவந்தது. அந்த வேலை கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. 1987இல் யூனிலீவர் அந்த நிறுவனத்தை வாங்கியது. 1998இல் பாண்ட்ஸ் இந்தியா இந்துஸ்தான் லீவருடன் இணைந்தபோது ஆலை அதன் கைக்கு வந்தது. (2007 முதல் இந்துஸ்தான் யூனிலீவர் என்பது அதன் பெயர்.) கண்ணாடியும் பாதரசமும் முக்கியமாக அமெரிக்காவிலிருந்து வந்தன, செய்து முடித்த வெப்பமானிகளும் அங்கேயே திரும்பின. மலையில் தங்கியவை கூலியும் கழிவும்தான்.

கண்ணாடியும் பாதரசமும்

வெப்பமானி செய்வது அடிப்படையில் கண்ணாடி வேலை. மயிரிழை போன்ற துளையுடைய குழாயை அளவாக வெட்டி, ஒரு முனையைத் தீயில் இளக்கி, ஊதிக் குமிழாக்க வேண்டும். பிறகு குழாயிலிருந்து காற்றை இழுத்துவிட்டுப் பாதரசத்தை நிரப்பி, சூடாக்கி, மிகையை வெளியேற்றி, மறுமுனையை உருக்கி மூட வேண்டும். காய்ச்சல் வெப்பமானியில் குமிழுக்குச் சற்று மேலே துளை மேலும் குறுகலாக இருக்கும். விரிந்து மேலேறிய பாதரசம் அந்த இடுக்கைத் தாண்டித் தானாகத் திரும்பாது. வெப்பமானியை உதறி இறக்குவது அதனால்தான்.

இதில் ஒவ்வொரு படியிலும் கண்ணாடி உடையும். எந்தக் கண்ணாடிப் பட்டறையிலும் உடைசல் இயல்பானது. சாதாரணக் கண்ணாடித் தொழிலில் அது நட்டமும் அல்ல, மீண்டும் உலைக்குப் போகும் மூலப்பொருள். வெப்பமானி ஆலையின் உடைசல் வேறு வகை. பாதரசம் ஒட்டிய ஒவ்வொரு துண்டும் நஞ்சைச் சுமந்த துண்டு. சன்னமான உடைகண்ணாடி பார்வைக்கு இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும்.

பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியானது. கீழே விழுந்தால் சிறு மணிகளாகச் சிதறித் தரையின் இடுக்குகளிலும் மேசையின் மூட்டுகளிலும் போய் உட்காரும். அங்கிருந்து சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் 20 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 13 மில்லிகிராம் பாதரச ஆவியைத் தாங்கும். இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணை எட்டு மணி நேர வேலைக்கு அனுமதித்த அளவோ 0.05 மில்லிகிராம். மலைக்குளிர் ஆவியாவதைக் குறைக்கும், நிறுத்தாது; குளிருக்காகக் கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டால் அந்தச் சிறு ஆதாயமும் போய்விடும்.

விழுங்கப்பட்ட திரவப் பாதரசம் பெரும்பாலும் உடலில் சேராமல் வெளியேறிவிடும். சுவாசித்த ஆவிதான் நுரையீரல் வழியே இரத்தத்தில் கலந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் செல்கிறது. கைநடுக்கம், மறதி, காரணமற்ற எரிச்சல், ஈறு வீக்கம், சிறுநீரகக் கோளாறு ஆகியவை நாள்பட்ட பாதிப்பின் அறிகுறிகள். தூசுக்கான துணி முகமூடி ஆவியைத் தடுப்பதில்லை. விளக்குமாற்றால் பெருக்கினால் மணிகள் மேலும் உடைந்து ஆவியாகும் பரப்பு கூடும். மூட்டில்லாத வழுவழுப்பான தரை, ஆவி எழும் இடத்திலேயே காற்றை உறிஞ்சும் அமைப்பு, ஆலையிலேயே கழற்றி வைக்கும் உடுப்பும் காலணியும், வேலை முடிந்ததும் குளியல், குறித்த இடைவெளியில் சிறுநீர்ப் பரிசோதனை ஆகியவையே பயன் தருபவை. உடுப்பு வீட்டுக்குப் போனால் அதைத் துவைப்பவரும் குழந்தைகளும் அந்த ஆலையில் வேலை செய்பவர்களாகிவிடுகிறார்கள்.

இந்த அறிவு புதியதல்ல. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாட்சினி 1700இல் வெளியிட்ட தொழில்நோய் நூலில், வெனிஸ் அருகே முரானோ தீவில் பாதரசம் பூசிக் கண்ணாடி செய்தவர்களின் வாதநோயையும் மூச்சுத்திணறலையும் பதிவுசெய்திருக்கிறார். கொடைக்கானல் ஆலை தொடங்கும்போது அந்த நூலுக்கு வயது ஏறத்தாழ 280.

மூஞ்சிக்கல் மூட்டைகள்

2001 மார்ச்சில் கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில், பழைய பொருள் வியாபாரி ஒருவரின் கிடங்கில், பாதரசம் கலந்த உடைகண்ணாடி சுமார் 7.4 டன் இருப்பது வெளியே தெரிந்தது. பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸ் அமைப்பும் அதை வெளிக்கொண்டுவந்தன. ஆலையிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில், மக்கள் புழங்கும் இடத்தில், அது சாக்குமூட்டைகளில் கிடந்தது. தன் நடைமுறைகளுக்கு மாறாக அந்த உடைசல் விற்கப்பட்டுவிட்டதாக நிறுவனம் விளக்கம் சொன்னது. அந்த மாதமே உற்பத்தி நின்றது. ஆலை மீண்டும் திறக்கப்படவில்லை.

ஆலைக்குள்ளே என்ன நடந்தது என்பதை ஊர் அதுவரை கண்ணால் கண்டதில்லை. ஆவி கண்ணுக்குத் தெரியாது, மூட்டை தெரிந்தது. 2003இல் ஆலையில் இருந்த கழிவுடன் சேர்த்து சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்கு மறுசுழற்சிக்காக அனுப்பப்பட்டது. இறக்குமதிக் கழிவு பற்றியே பேசிப் பழகிய நாட்டில் இது அபூர்வமான எதிர்ப்பயணம்.

சான்று என்னும் சிக்கல்

முன்னாள் தொழிலாளர்கள் சிறுநீரகக் கோளாறு, நரம்புத் தளர்ச்சி, பிள்ளைகளின் உடல்நலக் குறைவு ஆகியவற்றைச் சொல்லி மருத்துவ உதவியும் இழப்பீடும் கேட்டனர். 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். தொழிலாளர்களின் நோய்க்கு ஆலை காரணமல்ல என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு 2007இல், தொழிலாளர்களின் அப்போதைய உடல்நிலையைப் பழைய பாதரசத் தொடர்போடு இணைக்கப் போதிய சான்று இல்லை என்றது. 2011இல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் அறிக்கை, தொழிலாளர்களும் அவர்கள் பிள்ளைகளும் பாதிக்கப்பட்டதற்கு முதல்நோக்கில் ஆதாரம் உண்டு என்றது.

ஒரே ஆலை குறித்து இரண்டு அறிக்கைகள் இப்படி எதிரெதிராக நிற்பதைப் புரிந்துகொள்ளப் பாதரசத்தின் ஒரு குணத்தை அறிய வேண்டும். உடலில் சேர்ந்த பாதரசம் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். ஆலை மூடி ஐந்தாண்டு கழித்துச் சிறுநீரைச் சோதித்தால் எதுவும் கிடைக்காது. சிறுநீரகத்துக்கோ நரம்புக்கோ நேர்ந்த கேடு மட்டும் மிஞ்சலாம். ஆகவே வேலை செய்த காலத்தில் எடுத்த பரிசோதனைகளும் அறையின் காற்றளவுகளும்தான் முக்கியமான சாட்சி. போபால் விபத்துக்குப் பின் 1987இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம் இதை முன்கூட்டியே கருதியிருந்தது. அபாயத்தைத் தொழிலாளருக்குத் தெரிவிக்கும் கடமை 41பி பிரிவிலும், தம் மருத்துவப் பதிவைப் பார்க்கும் உரிமை 41சி பிரிவிலும் சேர்ந்தன. தொழிலாளி பாதுகாத்து வைக்க வேண்டிய காகிதங்களில் சம்பளச் சீட்டுக்கு அடுத்து இதைச் சொல்லலாம்.

2015 ஜூலையில் பாடகி சோபியா அஷ்ரப் பாடிய ராப் பாடல் காணொளி இணையத்தில் பரவியது. நீதிமன்றக் காகிதங்கள் எட்டாத இடங்களுக்கு அது போனது. 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு செய்துகொண்டது. மனிதாபிமான அடிப்படையில் செய்யப்பட்ட உதவி என்று அது விவரிக்கப்பட்டது, தொகை வெளியிடப்படவில்லை.

மண்

ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, கொடைக்கானல் பகுதிப் பாசியிலும் கற்பாசியிலும் வழக்கத்தைவிட மிகுந்த பாதரசத்தைக் கண்டது. காற்றிலிருந்தே உணவைப் பெறும் இவை காற்றின் கணக்குப் புத்தகம் போன்றவை. ஆலை வளாகத்து மண்ணைச் சுத்தம் செய்ய, கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்ற எல்லை ஏற்கப்பட்டது. பிரிட்டனில் இதே நிறுவனம் இதைவிடக் கடுமையான அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும் என்று சூழல் ஆர்வலர்கள் வாதிட்டனர். மேலும் குறைத்தால் மிகுதியான மண்ணைத் தோண்ட வேண்டும், சோலை மரங்கள் போகும், மழையில் மண் அரிக்கும் என்பது மறுதரப்பு. செங்குத்தான சரிவில் இரண்டு வாதத்துக்கும் எடை உண்டு. அந்தச் சரிவின் நீர் பாம்பாறாக இறங்கி, கும்பக்கரை அருவி வழியாகப் பெரியகுளம் பக்கத்துச் சமவெளியைச் சேர்கிறது.