மாப்பிள்ளை வந்தால் சொதி!

நெல்லைக் கல்யாணங்களில் முகூர்த்தச் சாப்பாட்டைவிட மறுவீட்டுச் சாப்பாட்டுக்குத்தான் மவுசு அதிகம். பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணியின் கரையோர ஊர்களில், குறிப்பாக சைவ வேளாளர் வீடுகளில், மறுவீட்டுப் பந்தி என்றாலே சொதிதான். ‘மாப்பிள்ளைச் சொதி’ என்ற பெயரும் அப்படி வந்ததுதான்.

அன்றைக்கு சாம்பாருக்கு லீவு. புளி, மிளகாய்த்தூளுக்கும் வேலையில்லை; காரத்துக்குப் பச்சைமிளகாயும் இஞ்சியும் போதும். தேங்காயைத் துருவி மூன்று முறை பால் எடுப்பார்கள். நீர்த்த மூன்றாம் பாலில் காய்கள் வேகும். இரண்டாம் பாலோடு வெந்த பாசிப்பருப்பு சேரும். கெட்டியான முதல் பால் கடைசியில். அது கொதித்தால் திரிந்துவிடும், நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். எலுமிச்சைச்சாறு அடுப்பை அணைத்த பிறகுதான்.

தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்குமே? அதற்குத்தான் பக்கத்தில் இஞ்சிப் பச்சடி. கூடவே உருளைக்கிழங்குப் பொரியல்.

இலங்கைத் தமிழர்களின் சொதி வேறு. அது இடியாப்பத்துக்கு ஊற்றிக்கொள்ளும் அன்றாடக் குழம்பு. நெல்லையில்தான் பருப்பும் காயும் சேர்ந்து சோற்றுக்கான விருந்தானது.

கல்யாண அலுப்போடு அத்தனை தேங்காயைத் துருவிப் பிழிவது சின்ன வேலையா என்ன? புது மாப்பிள்ளைக்கு அந்த மெனக்கெடல்தான் மரியாதை. இப்போது கல்யாணமும் மறுவீடும் ஒரே நாளில் மண்டபத்திலேயே முடிந்துவிடுகிற வீடுகளில், சொதி சமையல்காரர் பொறுப்பு. பாக்கெட் பாலை ஊற்றினால் முதல் பாலேது, மூன்றாம் பாலேது? “சொதி இருந்துச்சு, ஆனா மணமே இல்லையே” என்று பெரியவர்கள் சொன்னால், குறை சமையல்காரரிடம் இல்லை.