போனில் வந்த அவமானமும், சட்டம் வந்த கதையும்



மலருக்குக் கட்டுரை கொடுக்கணும்னு கூட்டத்தில் பேசினப்போ கறவை மாடு, தையல் யூனிட், வங்கிக் கடன் எல்லாத்தையும் மற்ற குழுக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. நான் போனைப் பற்றி எழுதுறேன்னு சொன்னேன். பத்தாவதோடு நின்னவள் நான். சட்டம் எழுத எனக்கு என்ன தெரியும்னு நீங்க கேட்கலாம். ஒரு வருஷம் ஸ்டேஷனுக்கும் சட்ட உதவி மையத்துக்கும் நடந்ததில் தெரிஞ்சுக்கிட்டதுதான் இது.

2024 ஆடி மாசம். எங்க குழுத் தங்கச்சி ஒருத்தி பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு இருந்து, குழுவில் உள்கடன் ஏற்கெனவே நிலுவை இருந்ததால் எங்ககிட்ட கேட்கக் கூச்சப்பட்டு, போனில் வந்த ஒரு கடன் ஆப்பில் 5,000 ரூபாய் கேட்டிருக்கா. கைக்கு வந்தது 3,100. ஏழே நாளில் 5,000 கட்டணுமாம். தோட்டை அடகு வச்சு ஆறாம் நாளே கட்டிட்டா. இன்னும் பாக்கி இருக்குன்னு மறுபடி மிரட்டல். ஒரு நாள் காலையில் நான் அடுப்பில் உலை வச்சுட்டு போனைப் பார்த்தால், அவள் முகத்தை வேறொரு உடம்போடு ஒட்டின படம், கூடவே 'கடன் வாங்கி ஏமாற்றினவள்' என்ற எழுத்து. அவள் போனில் இருந்த நம்பருக்கெல்லாம் போயிருக்கு. கொழுந்தனாருக்கு, பால் சொசைட்டிக்கு, பள்ளிக்கூட டீச்சருக்கு.

ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். படத்தைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் 'இவள் இப்படியா' என்று என் மனசும் நினைச்சுது. அந்த நினைப்பு எவ்வளவு பெரிய தப்புன்னு பிறகு சட்டத்தின் கதையைக் கேட்கும்போதுதான் புரிஞ்சுது.

சட்ட உதவி மையத்தில் இருந்த வக்கீல் அம்மாகிட்ட, "இதுக்கெல்லாம் சட்டம் இருக்காம்மா?"ன்னு கேட்டேன். "இருக்கு, ஆனா சும்மா வந்ததில்லை"ன்னு ஆரம்பிச்சாங்க.

வெள்ளைக்காரன் காலத்து இந்திய தண்டனைச் சட்டம் 1860-ல் வந்தது. பெண்ணின் மானத்தைச் சொல்லாலோ சைகையாலோ இழிவுபடுத்தினால் தண்டனைன்னு அதில் 509-ஆம் பிரிவு. ரொம்ப காலம் நம்மகிட்ட இருந்தது அது மாதிரி ஒண்ணு ரெண்டுதான். 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி தெருவில் சீண்டப்பட்டு உயிர் விட்ட பிறகு, தமிழ்நாட்டில் ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்தது. 2000-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தது. அது பெரும்பாலும் கம்ப்யூட்டர் வியாபாரத்துக்காக வந்த சட்டம். ஆனா ஆபாசத்தைக் கம்ப்யூட்டர் வழியாகப் பரப்பினால் தண்டனைன்னு 67-ஆம் பிரிவு அதில் இருந்தது. நாலு வருஷம் அந்தப் பிரிவில் நாட்டில் யாருக்கும் தண்டனை கிடைக்கலை.

முதல் தண்டனை எங்கே கிடைச்சது தெரியுமா? நம்ம சென்னையில். விவாகரத்து ஆன ஒரு பெண். அவங்களைக் கட்டிக்கணும்னு முன்னாடியே ஆசைப்பட்ட, குடும்பத்துக்குத் தெரிஞ்ச ஒரு ஆள், விவாகரத்துக்கு அப்புறம் மறுபடி கேட்டு, அவங்க மறுத்துட்டாங்க. உடனே அவங்க பேரில் பொய் இ-மெயில் கணக்கு திறந்து, யாஹூ குழுவில் அசிங்கமா எழுதிப் போட்டான். அதை நம்பி கண்டவனெல்லாம் அவங்களுக்கு போன் பண்ண ஆரம்பிச்சான். அவங்க அழுதுட்டு வீட்டில் உட்காரலை. 2004 பிப்ரவரியில் புகார் கொடுத்தாங்க. சென்னை சைபர் கிரைம் போலீஸ் சில நாளில் மும்பை போய் ஆளைப் பிடிச்சாங்க. கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினவங்க வந்து சாட்சி சொன்னாங்க. 2004 நவம்பர் 5-ஆம் தேதி எழும்பூர் நீதிமன்றம் இரண்டு வருஷம் கடுங்காவல் கொடுத்தது. புகார் கொடுத்து பத்து மாசம்கூட ஆகலை. நாட்டிலேயே அந்தப் பிரிவில் முதல் தண்டனை இதுதான்னு சொல்றாங்க. ஸ்மார்ட் போன் இல்லாத காலம் அது. விவாகரத்து ஆன பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும்னு நமக்குத் தெரியாததா? அதையும் மீறி ஸ்டேஷன் படி ஏறியிருக்காங்க. அவங்க பேர் எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

2008-ல் சட்டத்தைத் திருத்தி, அடுத்தவர் பேரில் நடிச்சு ஏமாத்துறது, அந்தரங்கத்தைப் படம் எடுக்கிறது எல்லாம் தனித்தனிக் குற்றம் ஆச்சு. 2012 டிசம்பரில் டெல்லி பேருந்தில் நடந்த கொடுமை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் நீதிபதி வர்மா குழு அறிக்கை கொடுத்து, 2013-ல் ரெண்டு குற்றம் புதுசா எழுதினாங்க. ஒண்ணு, மறைஞ்சிருந்து பார்க்கிறது, படம் பிடிக்கிறது. இன்னொண்ணு, வேண்டாம்னு சொன்ன பிறகும் பின்தொடர்றது. நேரில் மட்டுமில்லை, போனிலும் இன்டர்நெட்டிலும் விடாமல் தொல்லை பண்ணினாலும் இது பொருந்தும். முதல் தடவைக்கு மூணு வருஷம் வரை, மறுபடி செய்தால் ஐந்து வருஷம் வரை. கைது செய்யத்தக்க குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்னு உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதே 2013-ல்தான்.

ஆனா சட்டப் புத்தகத்தில் இருந்தால் போதுமா? 2016 ஜூன் மாசம் சேலம் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்லணும். இருபத்தோரு வயசுப் பொண்ணு. கல்யாணத்துக்குக் கேட்டு மறுக்கப்பட்ட ஒருத்தன் அவள் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டான். பெற்றவங்க புகார் கொடுத்தாங்க. நாள் ஓடுச்சு. படம் மறுபடியும் வந்துச்சு. அந்தப் பொண்ணு உயிரை விட்டுட்டா. எழுதி வச்ச கடிதத்தில், யாருக்கும் தன் படத்தை அனுப்பலைன்னும், பெற்றவங்களே தன்னை நம்பலையேன்னும் இருந்ததாம். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பகிரங்கமா மன்னிப்புக் கேட்டார். வக்கீல் அம்மா இதைச் சொன்னப்போ என்னால தலை நிமிர முடியலை. உலை கொதிச்ச அந்தக் காலை நேரம்தான் கண் முன்னாடி வந்தது.

பொள்ளாச்சி விஷயம் உங்களுக்கே தெரியும். வீடியோவை வச்சு மிரட்டினாங்க. 2019-ல் ஒரு பெண் புகார் கொடுத்தப்போ, மறைக்க வேண்டிய அவங்க அடையாளமே அரசு ஆணையில் வெளியே வந்துச்சு. அப்படியும் பெண்கள் கோர்ட்டில் சாட்சி சொன்னாங்க. 2025 மே 13-ல் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள்.

இதுக்கிடையில் புகார் கொடுக்கிற வழியும் லேசாச்சு. 2018-ல் மத்திய அரசு cybercrime.gov.in என்பதைத் தமிழில் சொன்னால் 'சைபர் கிரைம் டாட் கவ் டாட் இன்' என்ற புகார்த் தளத்தைத் தொடங்கி, அடுத்த வருஷம் எல்லா சைபர் குற்றத்துக்கும் விரிவாக்கினாங்க. பெண்கள், குழந்தைகள் சம்பந்தமான புகாரைப் பேர் சொல்லாமலும் கொடுக்கலாம். பேர் கொடுத்தால் புகார் எந்த அளவில் இருக்குன்னு பிறகு பார்க்கலாம். ஆடையில்லாத படம், ஒட்டு வேலை செய்த படம் பற்றிப் புகார் வந்தால் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மாதிரி கம்பெனிகள் 24 மணி நேரத்துக்குள் எடுக்கணும்னு 2021-ல் விதி வந்தது. 2025 ஜனவரியில் நம்ம சட்டமன்றம் அந்த 1998 சட்டத்தைத் திருத்தி, போன், கம்ப்யூட்டர் வழி தொல்லையையும் சேர்த்தது.

இனி எங்க தங்கச்சி கதை. வீட்டுக்காரர் முதல்ல சொன்னது, "எல்லாத்தையும் அழிச்சுட்டு சிம்மை உடைச்சுப் போடு". நல்லவேளை அவள் உடைக்கலை. அழிச்சிருந்தால் ஆதாரமே போயிருக்கும். நானும் ஊக்குநர் அக்காவும் உட்கார்ந்து, படம் வந்த நம்பர், தேதி, நேரம் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். பணம் கட்டின ரசீதையும் எடுத்து வச்சோம். பணம் போனதுக்கு 1930-க்கு அன்னைக்கே போன் பண்ணினோம்.

முதல்ல போன ஸ்டேஷனில், "இது எங்க எல்லை இல்லை"ன்னாங்க. எல்லை எதுவானாலும் முதல்ல பதிவு பண்ணி, பிறகு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பணும், அதுக்கு ஜீரோ எஃப்.ஐ.ஆர்.னு பேர். வக்கீல் அம்மா சொன்ன பிறகுதான் அது எங்களுக்குத் தெரியும். அடுத்த நாள் மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷனுக்கே போயிட்டோம். அங்கே எழுதினவருக்கே நம்பர் குழப்பம். அந்த ஜூலை 1-ல்தான் பழைய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருந்தது. பின்தொடர்றதுக்கு 354-டி என்பது 78 ஆச்சு, 509 என்பது 79 ஆச்சு. மிரட்டிப் பணம் பறிக்கிறதுக்கு 308. முதல்ல மனு ரசீதுதான் கொடுத்தாங்க. சி.எஸ்.ஆர்.னு சொல்வாங்களே, அது. அதோடு திரும்பிடாதீங்க. எஃப்.ஐ.ஆர். வேற, அதன் நகல் இலவசம். நாங்க மூணு நடை நடந்து வாங்கினோம். வக்கீலுக்கும் செலவில்லை. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம், 15100-க்குப் பேசினாலே போதும்.

படம் போன நம்பருக்கெல்லாம் நானே போன் போட்டு, "அது ஒட்டு வேலை, அழிச்சிடுங்க, யாருக்கும் அனுப்பாதீங்க, அனுப்பினா அதுவும் குற்றம்"னு சொன்னேன். டீச்சர் ஒருத்தர்தான், "அவங்க நல்லா இருக்காங்களா?"ன்னு முதல்ல கேட்டார்.

ஐப்பசிக்கு மேல் படம் வரலை. வழக்கு இன்னும் நடக்குது, ஆள் பிடிபடலை. தோட்டைத் தை மாசம் குழு உள்கடனில் மீட்டுக் கொடுத்தோம். இப்போ புதுசா யார் சேர்ந்தாலும் அவள்தான் போனை வாங்கிப் பார்க்கிறா. கடன் ஆப் எதுவும் நம்ம போனில் இருக்கிற நம்பர்களையோ படங்களையோ தொடக்கூடாதுன்னு 2022-லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. அனுமதி கேட்டு ஏதாவது ஆப் இருந்தால் அங்கேயே அழிக்கச் சொல்லிட்டு, "அவசரம்னா எங்ககிட்ட கேளு அக்கா, கூச்சப்படாதே"ன்னு போனைத் திருப்பிக் கொடுக்கிறா.