கார்பிள்டு மிளகு

போன வாரம் மகளின் கட்டுரை நோட்டில் டீச்சர் சிவப்பு மையில் 'கார்பிள்டு' என்று எழுதியிருந்தார். குழப்பமாக எழுதியிருக்கிறாள் என்று அர்த்தமாம். "இதுல வருத்தப்பட என்ன இருக்கு? மட்டாஞ்சேரியில இந்தப் பேருக்கு விலை கூடும்மா" என்றேன். முறைத்தாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

2004-ல் கொச்சி மட்டாஞ்சேரியில் எனக்கு முதல் வேலை. மிளகை ஈடு வைத்துக் கடன் கேட்ட வியாபாரியின் ஸ்டாக் ஸ்டேட்மென்டில் 'மலபார் கார்பிள்டு' என்று இருந்தது. பி.காம். மூளைக்குத் தெரிந்த கார்பிள், டெலிபோன் கொரகொரப்பதுதான். கெட்டுப்போன சரக்குக்கா கடன் என்று பென்சிலில் கேள்விக்குறி போட்டு மேனேஜரிடம் நீட்டினேன். அவர் சிரித்து முடித்துவிட்டு, நேராக என்னைக் குடோனுக்கு அனுப்பினார்.

அங்கே பெண்கள் முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தார்கள். காம்பு, கல், தூசி, பதர் எல்லாம் போய்க் கனமான மிளகு நின்றால் அதுதான் கார்பிள்டு. அப்படியே வந்தது அன்கார்பிள்டு. இன்றும் கொச்சி மிளகு விலை இந்த இரண்டு பேரில்தான் வருகிறது. எம்.ஜி.1 என்ற ரகத்தில் வேற்றுப் பொருள் 0.5 சதவீதம், பதர் 2 சதவீதம், அதற்கு மேல் கூடாது.

ஷார்ஜா வந்தபிறகு ஒரு எகிப்து நண்பர் பாக்கியைச் சொன்னார். அரபியில் சல்லடைக்கு 'கிர்பால்', சலிப்பதற்கு 'கர்பல'. அதற்கும் மூலம் லத்தீன் சல்லடை என்கிறார்கள். மிளகோடு இத்தாலிய வியாபாரிகள் வாய்க்குப் போய், 15-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. லண்டனில் கார்ப்ளர் என்றே ஒரு அதிகாரி இருந்தார். எந்தக் கடையிலும் கிடங்கிலும் நுழைந்து மசாலாச் சரக்கைப் பார்த்துச் சுத்தம் செய்யலாம். நம்ம ஆடிட்டர் மாதிரி, கையில் சல்லடையோடு :-)

அப்புறம் எப்படிக் கெட்ட வார்த்தையானது? சலிப்பது என்றால் பொறுக்கியெடுப்பது. ஒருவர் எழுதியதில் தனக்குச் சாதகமான வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்டுவதையும் 17-ஆம் நூற்றாண்டில் கார்பிள் என்றார்கள். அப்படிப் பொறுக்கினால் விஷயம் திரிந்துதானே போகும். திரிப்பது, பிறகு குழப்புவது என்று அர்த்தம் நகர்ந்துவிட்டது.

அந்த வியாபாரிக்கு மறுநாளே கடன் சாங்ஷன் ஆனது. கேள்விக்குறியை மட்டும் மேனேஜர் என்னை அழிக்க விடவில்லை.